வீட்டோடு ஒரு யாத்திரை

யாத்திரை புறப்படுகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை அண்டை வீட்டாரிடம் ஒப்புவித்துவிட்டுப் போவது உலக வழக்கம். சென்ற டிசம்பர் மாதத்தில் அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும் நாங்கள் அந்த வழக்கத்தைச் சற்றே மாற்றினோம். வீட்டையும் கையோடு கொண்டு போனோம்.

நேயர்கள் திகைக்க வேண்டாம். படுக்கை, சமையல் மேடை, குளிர்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் உள்ளே அடங்கிய மோட்டார் வண்டிகள் இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன. காரவான் என்று பெயர். மேல்நாட்டில் இது பழைய சமாசாரம். 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து வைத்தியர், குதிரைகள் இழுக்கும் வீடு ஒன்றைச் செய்வித்து, அதற்கு 'வாண்டரர்' என்று நாமகரணமும் செய்து, அதிலேயே ஊர் சுற்றினார். நமது அண்டை ராஜ்யமான கேரளத்தின் சர்க்கார் 2021-இல் இத்தகைய வண்டிகளுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது.

ஆனால் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பிழைக்கும் தம்பதிகளான எங்களுக்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் எங்கள் தாயார். தேசம் சுதந்திரம் அடைந்த 1947-ஆம் வருஷத்தில் பிறந்தவர். முழங்கால் வலியினால் பஸ் ஏறுவது கஷ்டம். வெளியூரில் ஸ்நான அறை எப்படி இருக்குமோ என்ற பயத்தினாலேயே எங்கும் வர மறுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள், "அம்மையார்குப்பத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலை" என்றார். அவர் பிறந்த ஊர் அது. அவருடைய தந்தை அங்கே தறி நெய்தவர்.

அம்மையார்குப்பம், திருத்தணிக்கு மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டிய நெசவாளர் ஊர். எங்கள் தாயாரின் பிள்ளைப் பிராயத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. அவர் பிறந்தபோது அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1-ஆந் தேதி ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டதும் சித்தூர் ஜில்லாவோடு அதுவும் ஆந்திராவுக்குப் போயிற்று. 1956-இல் அந்த ராஜ்யமே ஆந்திரப் பிரதேசமாயிற்று. வடக்கெல்லைக் கிளர்ச்சியில் ம. பொ. சிவஞானமும், ஊர் ஊராகச் சென்று தமிழ் கற்பித்த ஆசிரியர் மங்கலங்கிழாரும் இன்னும் பலரும் பாடுபட்டார்கள். பிறகு படாஸ்கர் அவர்களின் மத்தியஸ்தம் நடந்து, 1959-இல் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1-ஆந் தேதி திருத்தணிச் சீமை சென்னை ராஜ்யத்துக்குத் திரும்பியது. 1969-இல் அந்த ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. ஆக, சக்கரம் வைத்த வீடு இல்லாமலே, திண்ணையை விட்டு இறங்காமலே எங்கள் தாயார் இத்தனை ராஜ்யங்களில் குடியிருந்து விட்டார்!

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் ராஜபாட்டையில் சுமார் 85 கிலோ மீட்டர் போனால் திருத்தணி. மலைக்குப் படிகள் 365, வருஷத்து நாட்களுக்கு ஒன்று வீதம். டிசம்பர் 31-ஆந் தேதி இரவு படிதோறும் திருப்புகழ் பாடி ஏறும் திருப்படித் திருவிழா பிரசித்தமானது. ஆங்கிலப் புத்தாண்டு தினத்தில் துரைமார்களைத் தேடிப் போய் வணங்கும் வழக்கத்தை மாற்றி, முருகனைத் தேடி வரும்படி வள்ளிமலை சுவாமிகள் ஏற்படுத்தியது அது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு இந்த ஊரில் இன்னொரு பாத்தியதையும் உண்டு. எவருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888-இல் பிறந்தது இங்கேதான். நாங்கள் போனது திருவிழாவுக்குச் சில தினங்கள் முன்பு. மலை மேல் வரை மோட்டார் பாதை இருக்கிறபடியால் தாயாருக்குச் சிரமமின்றித் தரிசனம் ஆயிற்று.

அன்றிரவு மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தியபோது தாயார் திடீரென்று, "கடையில் கேழ்வரகு மாவு கிடைத்தால் வாங்குங்கள், களி சாப்பிட வேண்டும் போல் இருக்கிறது" என்றார். எங்களுக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் வீட்டில் களி என்ற பதார்த்தத்தை நாங்கள் கண்டதே இல்லை. நீரிழிவுக்காக வைத்தியர் சொல்லியிருப்பார் என்று நினைத்து, மாவு வாங்கி வந்து, மின்சார அடுப்பில் உலை வைத்தோம்.

களி கிண்டுவது எழுத்து வேலை அல்ல என்பது ஐந்து நிமிஷத்தில் புலனாயிற்று. நொய்யை வேகவைத்து, அதன் மேல் மாவைக் கொட்டி, நடுவில் குழி செய்து வேகவிட்டு, பிறகு துடுப்பினால் வலுவாகக் கிண்ட வேண்டும். துடுப்புக்கு எங்கே போவது? கரண்டிக் காம்பினால் கிண்டினோம். பானை சுற்றியது; கூடவே வீடும் ஆடியது. மேல் படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்த பையன் பூகம்பம் என்று அலறி எழுந்தான். கடைசியில் கிடைத்தது கூழும் அல்ல, களியும் அல்ல. கட்டி கட்டியாக ஒரு பசை. தாயார் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாலைக் குடித்துப் படுத்துக் கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் ராஜபாட்டையை விட்டுக் கிளைப் பாதையில் திரும்பினோம். இரு மருங்கிலும் புளியமரங்கள். வடகிழக்குப் பருவ மழையில் நிரம்பிய ஏரிகள். கரும்பு ஒரு பக்கம், மாந்தோப்பு ஒரு பக்கம், தூரத்தில் பாறைக் குன்றுகள். அம்மையார்குப்பத்தை நெருங்கியதும் விசைத்தறிகளின் ஓசை காதில் விழுந்தது. தாயார் ஜன்னல் அருகே நகர்ந்து உட்கார்ந்தார். "எங்கள் காலத்தில் சத்தம் இப்படி இராது, தாளம் போட்டது போல் இருக்கும்" என்றார்.

அவர் பிறந்த தெருவின் முனையில் வண்டி நின்றுவிட்டது. தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள். இப்போது அபூர்வமாகிவிட்ட காட்சி அது. நூலுக்குக் கஞ்சி போட்டு, சிக்கெடுத்து, வெயில் ஏறுமுன் காயவிட வேண்டும். அந்த நூலைத் தாண்டி எங்கள் மாளிகை எப்படிப் போகும்? இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்து காத்திருந்தோம்.

சிறிது நேரத்தில் ஒரு நடுவயது அம்மாள் வந்து கதவைத் தட்டினார். "இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். வூட்டாண்ட வந்து குந்துங்க. வண்டியிலயே இருந்தா ஊரை எப்படிப் பாக்கறது?" என்றார். பிறகு தாயாரைக் கவனித்து, "பெரியம்மா எந்த ஊரு?" என்று கேட்டார்.

"இந்த ஊருதாம்மா. இந்தத் தெருதான்" என்றார் தாயார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

அப்புறம் உபசாரத்துக்குக் கேட்க வேண்டுமா? தாயார் பிறந்த வீடு இடிந்து, அந்த இடத்தில் மாடி கட்டிய வேறொரு வீடு எழும்பியிருந்தது. ஆனால் அந்த அம்மாளின் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலையில் கைத்தறிக் குழி இருந்தது. தறி இல்லை, குழியில் பலகை போட்டு மூடியிருந்தார்கள். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறானாம். அடுப்பங்கரையிலிருந்து வாசனை வந்ததும் தாயார் நிமிர்ந்து உட்கார்ந்தார். களி!

தட்டில் உருண்டை உருண்டையாக வந்தது. பக்கத்தில் புளிச்சக்கீரைக் கடைசல், வேர்க்கடலைத் துவையல். கட்டைவிரலால் குழி செய்து, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று தாயார் பேரப்பிள்ளைகளுக்குக் கற்பித்தார். வீட்டில் அரை இட்லியோடு எழுந்துவிடுகிறவர், இரண்டாவது உருண்டையைக் கேட்டு வாங்கினார். பிறகு, யாரும் கேட்காமலே, மெதுவாகச் சொன்னார்:

"கல்யாணம் ஆகிச் சென்னைக்கு வந்த புதிதில், உங்கள் ஊரில் என்ன சாப்பிடுவீர்கள் என்று என் ஓரகத்தி கேட்டாள். களி என்று சொல்ல வெட்கமாயிருந்தது. தினம் நெல்லுச் சோறுதான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! ஐம்பத்தைந்து வருஷமாய் அந்த வீட்டில் நான் களி கிண்டவில்லை."

எங்களுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் களி ஏன் இல்லை என்பதற்கு விடை, அத்தனை காலமும் எங்களோடு ஒரே பந்தியில் மௌனமாக உட்கார்ந்திருந்தது. உணவில் இழிவு ஏது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் போதித்திருக்கிறோம். வீட்டில் இருந்தவரை ஒரு நாளாவது கேட்டோமா?

அங்கிருந்து பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு வழியாக நகரிக்குப் போனோம். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கொசஸ்தலை ஆற்றில் வரும் வெள்ளந்தான் பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-இல் கட்டி முடித்து, தீரர் சத்தியமூர்த்தியின் பெயர் வைத்த அந்த நீர்த்தேக்கத்திலிருந்து சென்னைக்குக் குடிதண்ணீர் வருகிறது. இந்தச் சீமையின் தண்ணீரைக் குடித்துக்கொண்டே, இந்தச் சீமையின் களியைச் சொல்ல ஒரு பெண்ணை வெட்கப்பட வைத்த பட்டணம் எங்களுடையது.

எல்லையைத் தாண்டியதும் பலகைகளில் எழுத்து மாறிற்று. தட்டில் ஒன்றும் மாறவில்லை. களிக்கு அங்கே சங்கடி என்று பெயர், புளிச்சக்கீரைக்குக் கோங்கூரா. நகரியில் ஒரு ஹோட்டலில், நாட்டுக்கோழிக் குழம்போடு ராகி சங்கடியை விசேஷப் பண்டமாக விற்கிறார்கள். பட்டணத்துக் கார்கள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்து பல்லாயிரம் வருஷங்களுக்கு முன் வந்து நமதாகிவிட்ட தானியம் கேழ்வரகு. 2023-ஆம் வருஷத்தை, நம் தேசத்தின் யோசனைப்படி, ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடியது. தாயார் விலைப் பட்டியலைப் படித்துவிட்டு, "இத்தனை ரூபாயா! அப்படியானால் நான் பெரிய பணக்கார வீட்டுப் பெண்தான்" என்றார்.

காரவான் சௌகரியமான வாகனம் என்பதில் சந்தேகமில்லை. அது இல்லாவிட்டால் தாயார் புறப்பட்டே இருக்கமாட்டார். ஆனால் படுக்கையும் அடுப்பும் கூடவே வந்தால், யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதில்லை என்றால், ஒருவரும் நமக்கு ஒன்றும் சொல்லப் போவதுமில்லை. குறுக்கே ஒரு பாவு விரித்திருந்ததால் நாங்கள் பிழைத்தோம்.

வண்டியை மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்துவிட்டோம். திரும்பும் வழியில் பள்ளிப்பட்டுக் கடைவீதியில் தாயார் வாங்கிய மரத் துடுப்பு எங்கள் சமையலறையில் மாட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போடுகிறார், நாங்கள் கிண்டுகிறோம். கட்டி இன்னும் விழத்தான் செய்கிறது.