உப்புக்காற்றும் பிரேக் டிரம்மும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முள்ளக்காட்டுப் பக்கம் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் உப்பளங்களையும், வெள்ளை வெளேரென்று குவிந்து நிற்கும் அம்பாரங்களையும் கண்டு களித்துப் போகிறவர்கள், அதே உப்பு காற்றிலேறி ஊருக்குள் வந்து வண்டிகளின் அடியில் என்ன காரியம் செய்கிறது என்பதைப் பிரத்யட்சமாகக் காண வேண்டுமானால், அவ்வூர்ப் பட்டறை ஒன்றில் ஒரு பகற்பொழுது உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். ஈரத்தை இழுத்துத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது உப்பின் சுபாவம். அந்த ஈரத்தில் கரைந்த உப்போ இரும்பின் அழிவைத் துரிதப்படுத்துவது. ஆகையால் மழையே காணாத மாதங்களிலும் இவ்வூர் இரும்பு நனைந்தபடியே இருக்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

அன்று பட்டறையில், ஜாக்கியால் தூக்கப்பெற்று மரக்கட்டைகளின்மேல் நின்றது, 2014இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் இனத்தைச் சேர்ந்த பழைய கார். சொந்தக்காரர் அதைக் கழுவித் துடைத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்து, ஷெட்டில் விட்டுவிட்டு வெளியூர் போய், பல மழைக்காலங்கள் கழிந்த பின் திரும்பியிருக்கிறார். வண்டி அசைய மறுத்துவிட்டது.

இத்தகைய சந்தர்ப்பத்தில் சுத்தியலைத் தேடுவதுதான் சாதாரண மனிதன் செய்யும் முதற்காரியம். மேஸ்திரியோ வெறுங்கையோடு குனிந்து சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அறுபதைக் கடந்த அவருடைய வித்தையின் சாரமெல்லாம் அந்தச் சோதனையிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திய பின்னும் சக்கரம் சுற்றாவிட்டால், பிரேக் ஷூவின் லைனிங் டிரம்மின் உட்புறத்தோடு துருவினால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரம் சுற்றியும் டிரம் கழன்று வராவிட்டால், ஹப்பின் நடுவே எழும்பி நிற்கும் வட்டமும் டிரம்மின் மையத்துளையும் சந்திக்கும் இடத்தில் துரு இறுகியிருக்கிறது. கொஞ்சம் வந்து நடுவழியில் தடுத்தாலோ, தேய்ந்த டிரம்மின் விளிம்பில் தேயாமல் நின்றுவிட்ட வரம்பில் ஷூ மாட்டியிருக்கிறது. மூன்றும் வெவ்வேறு வியாதிகள். மூன்றாவதற்கு அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருகி ஷூவைச் சுருக்கினால் போதும்; இதை அறியாமல் அடிப்பவன் ஷூவையும் ஸ்பிரிங்கையும் நாசமாக்கிவிடுவான்.

இந்த வண்டியின் பின்சக்கரங்களில் முதலிரண்டும் சேர்ந்திருந்தன. அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மைச் சுற்றிலும் மெல்லத் தட்டி லைனிங்கை விடுவித்தது சீக்கிரமே முடிந்தது. ஹப்பின் பிடிதான் பெரும்பாடாயிற்று. துருவாக மாறிய இரும்பு, தான் முன்பு கொண்டிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தைக் கேட்கிறது; மயிரிழை இடைவெளிக்குள் அது பருக்கும்போது, ஆப்பு அறைந்தாற்போல் இரு பாகங்களும் இறுகிவிடுகின்றன. டிரம்மை ஹப்போடு பிணைக்கும் சிறு ஸ்க்ரூக்களின் தலையில் திருப்புளியைப் பொருத்தி, அதன் முதுகில் ஓர் அடி கொடுத்துவிட்டுத்தான் திருகினார் மேஸ்திரி. அந்த அதிர்ச்சியில் மரை இளகும், தலையும் மழுங்காது. பிறகு மையத்துளையைச் சுற்றிக் கம்பி பிரஷால் தேய்த்து, துருநீக்கி எண்ணெயை விட்டு, அது ஊறும்வரை அடுத்த சக்கரத்துக்குப் போய்விட்டார். மண்ணெண்ணெயும் டீசலும் இதற்குப் பழைய கைமருந்துகள்தாம். ஆனால் அவை உள்ளே ஒழுகினால் லைனிங் பாழாகும், வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர் ஊதிப்போகும் என்பதால் எதையும் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும்.

எண்ணெய் ஊறிய பின் உதவியாள் பையன் சுத்தியலை ஓங்கினான். "ஏலே, விளிம்புல அடிக்காதல, வெடிச்சுப் போயிரும், ஸ்டட்டுக்கு ஸ்டட்டு நடுவுல அடி" என்று அதட்டினார் மேஸ்திரி. டிரம் வார்ப்பிரும்பு, அழுத்தத்தைத் தாங்கும், வளைக்க முயன்றால் கீறிவிடும். ஒரே இடத்தில் பலத்தைக் காட்டாமல், ஹப்பை அடுத்த முகப்பகுதியில் சுற்றிச் சுற்றி அளவான அடிகள் விழ, முதலில் கணீரென்று இல்லாமல் மொத்தென்று கேட்ட சப்தம் படிப்படியாக மாறிற்று. மையத்துளையின் ஓரத்தில் செந்தூள் உதிர்ந்தது. நூல் அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அதன் பின் கையாலேயே அசைத்து இழுத்துவிட்டார். பல கார்களில் இதற்கென்றே டிரம்மின் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கினால் டிரம் தானே தள்ளப்பட்டு வரும். காஸ் விளக்கால் சூடுகாட்டும் முறையை அவர் கடைசி ஆயுதமாகவே வைத்திருக்கிறார். பேரிங் கிரீஸ் உருகும், சீல் கருகும்.

திறந்த டிரம்மினுள் படிந்திருந்த தூசியைப் பையன் வாயால் ஊதப் போக, கையைப் பிடித்துத் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் செய்தார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்த இழைகள் நுரையீரலில் தங்கி, எத்தனையோ வருஷங்கள் கழித்துப் புற்றுநோயாய்த் தலைகாட்டக்கூடியவை. காற்றுக்குழாயால் ஊதிச் சுத்தம் செய்யும் வழக்கம் எத்தனையோ பட்டறைகளில் இன்னும் நடக்கிறது என்பதை நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்த வேலை, டிரம் கழன்ற பிறகுதான் தொடங்கிற்று. ஹப்பின் வட்டத்தையும் முகத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை அவர் விடவில்லை. துருச்செதில் ஒன்று இடையில் தங்கினாலும் டிரம் கோணி உட்கார்ந்து பிரேக் மிதி காலில் துடிக்கும். டிஸ்க் பிரேக்கிலும் இதே கதைதான்: பேட் உராயும் முகம் ஓட ஓடத் தானே சுத்தமாகிவிட, ஹப்போடு ஒட்டும் மறைவான பகுதியில் துரு நிம்மதியாக வளர்கிறது. தேய்த்த இடத்தில் செம்புத்தூள் கலந்த கிரீஸை விரல்நுனியால், இருக்கிறதா இல்லையா என்னும்படி மெல்லிதாகப் பூசினார். உராயும் பரப்பில் மாத்திரம் அதன் வாசனைகூடப் படக்கூடாது. இந்தச் சிரத்தைக்குப் பில்லில் ஒரு வரியும் இல்லை. கழற்றுவதற்குக் கூலி கொடுக்கும் நாம், மறுமுறை சுலபமாகக் கழலும்படி மாட்டுவதற்குக் கேட்டு வாங்கிக் கூலி கொடுக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். அப்படிக் கொடுத்தால்தான் அடுத்த தலைமுறைப் பையன்கள் அதைச் செய்வார்கள்.

மாலையில் வண்டியை எடுக்க வந்தவரிடம் மேஸ்திரி சொன்னார்: "அண்ணாச்சி, கழுவின ஈரத்தோட ஷெட்டுல விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துராதீங்க. ஒரு சுத்து ஓட்டி, நாலு தடவை பிரேக்கை மிதிச்சு, டிரம் காஞ்ச பிறகு நிறுத்துங்க. ரொம்ப நாள் நிக்கும்னா கியர்ல போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை குடுத்தாப் போதும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பிரேக் ஆயில் மாத்துங்க, அதுவும் ஈரம் குடிக்கிற சாமான்தான். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன்னால வண்டியை இங்க கொண்டாந்திருங்க; நாலு டிரம்மையும் கழட்டிப் பாத்துருவோம்."