வலிப்புக் குளிசையும் எலும்பும்: அடுத்த கிளினிக்குக்குப் போகும் முன் வாசியுங்கள்

 

உங்கள் வீட்டில் யாராவது வருஷக்கணக்காக வலிப்புக்குக் குளிசை எடுக்கிறார்களா? அப்படியானால் பதிவு கொஞ்சம் நீளமாக இருந்தாலும் முழுதாக வாசியுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இதை வாசித்துவிட்டு ஒருவரும் குளிசையை நிறுத்த வேண்டாம், ஒரு வேளைகூட. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் பிள்ளையொன்று போன வருஷம் மூன்று கிழமையாக வரவில்லை. லயத்துக்குத் தேடிப் போனோம். அம்மா தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு படியேறும்போது கால் வழுக்கி, நின்ற இடத்திலேயே விழுந்திருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டவில்லை. லயத்தில் எல்லோரும் சொன்னது "வலிப்பு வந்து விழுந்திருப்பா" என்றுதான். பார்க்கப் போனபோது அந்தத் தாய்க்கு அதுதான் பெரிய மனவருத்தமாக இருந்தது. "வலிப்பெல்லாம் வரல டீச்சர். அஞ்சு வருசமா வரல. முழிச்சுக்கிட்டுத்தான் விழுந்தேன், கொடம் உருண்டு போனதுகூட எனக்குத் தெரியும்" என்றார். பன்னிரண்டு வயதிலிருந்து குளிசையைத் தவறவிடாதவர் அவர்.

வார்டிலிருந்த இளம் டொக்டர் ஒருவர் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக இதே குளிசை என்று கேட்டிருக்கிறார். பிறகு இரத்தம் எடுக்கச் சொன்னார். விற்றமின் டி மிகக் குறைவாக இருந்தது.

விசாரித்தபோது, விழுவதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே அவருக்கு இடுப்பிலும் தொடையிலும் வலி. குந்தியிருந்தால் எழும்ப யாராவது கை கொடுக்க வேண்டும். மலை ஏற முடியாமல் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த நாட்களும் உண்டு. குளிர் என்றார்கள், வேலைக் கஷ்டம் என்றார்கள். தைலமும் ஒத்தடமும் பனடோலுமாகக் காலம் போனது. எங்கள் ஊர்களில் இடுப்பு வலி இல்லாத பெண்ணைக் காண்பது அரிது என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் எலும்பு மெலிந்து இளகும்போதும் இப்படித்தான் இருக்கும்: ஆழத்தில் ஒரு வலி, தொடையில் பலமில்லாமை, குந்தி எழும்பவும் படி ஏறவும் கஷ்டம். தொழுகிறவர்களுக்கு ஸுஜூதிலிருந்து எழும்பும்போது தெரியவரும்.

குளிசைக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? பினோபாபிட்டோன், பெனிடோயின், கார்பமசெபின் ஆகிய மூன்றும் ஈரலை வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்ய வைக்கின்றன. அந்த வேகத்தில் ஈரல் உடம்பிலுள்ள விற்றமின் டியையும் சீக்கிரம் உடைத்துவிடுகிறது. விற்றமின் டி குறைந்தால் சாப்பாட்டிலுள்ள கல்சியம் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போவது குறையும். இதயத்துக்கும் தசைக்கும் கல்சியம் இல்லாமல் முடியாது, ஆகவே உடம்பு அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஈபீஎப் காசில் வயதுக்கு முந்தியே கை வைக்கிற மாதிரி. சோடியம் வல்புரோயேட் வேறு வழியில் வேலை செய்யும் மருந்து. ஆனாலும் நீண்டகாலம் எடுப்பவர்களிடம் அதுவும் எலும்பின் அடர்த்தியைக் குறைப்பதாகக் கண்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்றில்லை. வருஷங்கள் கூடக் கூட, மருந்துகள் ஒன்றுக்கு மேற்பட்டால், வெயிலும் சத்தும் குறைந்தால் ஆபத்து கூடும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் எங்களுக்கு ஆச்சரியம். பினோபாபிட்டோன் வலிப்புக்கு உதவும் என்று 1912இல் ஜெர்மனியில் ஹௌப்ட்மன் என்ற டொக்டர் கண்டார். பெனிடோயின் 1938இல் வந்தது. அவற்றை எடுப்பவர்களின் எலும்பு கெடுகிறது என்று 1968இல் ஜெர்மனியிலும் 1970இல் பிரித்தானியாவிலும் டொக்டர்மார் எழுதிவிட்டார்கள். பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல், இம்மருந்துகளை நீண்டகாலம் எடுப்பவர்களில் ஆபத்துக் கூடியவர்களுக்கு விற்றமின் டி கொடுப்பதை யோசிக்கும்படி அறிவுறுத்தியது. வலிப்புள்ளவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2 மடங்கு. பேராசிரியர் நிமல் சேனநாயக்க 1980களில் கண்டி மாவட்டத்தில் செய்த ஆய்வில் ஆயிரம் பேருக்குச் சுமார் 9 பேருக்கு வலிப்பு இருந்தது. அந்தக் கணக்கை உங்கள் தோட்டத்தின் சனத்தொகைக்குப் போட்டுப் பாருங்கள்.

கிளினிக்கில் நாள் முழுக்கச் சனம். "வலிப்பு வந்ததா?" "இல்லை." அதே மருந்து, அடுத்த மாதத் திகதி. அந்த ஒரு நிமிஷத்தில் இடுப்பு வலியைப் பற்றி நாமாகச் சொன்னால்தான் உண்டு.

வெயிலுக்கு வருவோம். மலைநாட்டில் வெளியில் வேலை செய்பவர்களுக்கு வெயிலுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். கொழுந்தெடுக்கும் பெண்ணின் உடம்பில் வெயில் படும் இடம் எவ்வளவு? தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, இடுப்பில் படங்கு. முகமும் கையும்தான் மிச்சம். அபாயா உடுத்தும் எங்கள் தாய்மாருக்கும் அதே கணக்கு. கறுத்த தோலுக்கு வெயில் கூடுதலான நேரம் பட வேண்டும். ஹப்புத்தளை, ஹல்துமுல்லைப் பக்கம் மேல்தோட்டங்களில் மூடுபனி வேறு. மார்கழி மழையில் பல நாள் வெயிலே இல்லை. காலை ஆறரை மணி இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. சாய்ந்து விழும் அந்த வெயிலில் விற்றமின் டி உண்டாக்கும் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம்தான் கணக்கு. கண்ணாடி ஜன்னலுக்குள்ளே வரும் வெயில் இதற்கு உதவாது.

இதைவிடப் பெரிய விஷயம் மறைத்து வைப்பது. கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று வலிப்புள்ள குமரிப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பங்களை டவுனிலும் பார்க்கிறோம், லயத்திலும் பார்க்கிறோம். முஸ்லிம் வீடு, தமிழ் வீடு என்ற வித்தியாசம் இதில் கிடையாது. எலும்பின் பெரும்பகுதி இருபது வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடும். அதே வயதில் பிள்ளைக்கு வெயிலும் இல்லை, ஓட்டமும் இல்லை, மேலே குளிசையும். நடப்பதும் குதிப்பதும் சுமப்பதும்தான் எலும்பைப் பலமாக்கும். எங்கள் பாடசாலையில் வலிப்புள்ள பிள்ளைகளை விளையாட்டுப் பாடத்தில் உட்கார வைப்பதில்லை. மரம் ஏறுதல், ஆற்றில் தனியாகக் குளித்தல் இரண்டுக்கும் மட்டும்தான் தடை.

வலிப்பு வரும் நேரத்தில் நாலு பேர் சேர்ந்து கையையும் காலையும் அமுக்கிப் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். வலிப்பின் வேகத்தில் தோள் மூட்டு விலகலாம், முதுகெலும்பு நசுங்கலாம். மெலிந்த எலும்பென்றால் நாம் அமுக்குவதே போதும். தலைக்குக் கீழே ஏதாவது மெத்தென்று வையுங்கள், அடுப்பையும் கல்லையும் விட்டு விலக்குங்கள், ஓய்ந்ததும் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுக்கத் தேவையில்லை. 5 நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. எழுந்த பிறகு தோளோ முதுகோ வலிக்கிறது என்றால் "அடிபட்ட வலி" என்று விடாமல் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி எழுத எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஒரு பால்மா பக்கெட் ஒரு நாள் சம்பளத்தில் பெரும்பங்கை விழுங்கும் காலத்தில் "பால் குடியுங்கள்" என்று சொல்வது லேசு. நெத்தலிக் கருவாட்டை முள்ளோடு சாப்பிடலாம், குரக்கன் மாவில் ரொட்டி சுடலாம், முருங்கைக் கீரை இருந்தால் நல்லது. ஆனால் விற்றமின் டி சாப்பாட்டில் போதுமான அளவு கிடைக்காது. அதற்குக் குளிசைதான் வழி.

கிளினிக்கில் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "டொக்டர், இத்தனை வருஷமா இந்தக் குளிசை குடிக்கிறேன். இடுப்பு, தொடை வலி இருக்கு. எலும்புக்குக் கல்சியமும் விற்றமின் டியும் தேவைப்படுமா?" கர்ப்பிணித் தாய்மாருக்குக் கல்சியம் கொடுப்பது நமக்கெல்லாம் பழக்கமானது, கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. மருந்தை மாற்றுவதா, இரத்தம் பார்ப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். கல்சியம் தந்தால், பெனிடோயினோடு சேர்த்து விழுங்காமல் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். நாமாகக் கடையில் வாங்கி அளவுக்கு மிஞ்சி எடுப்பதும் கூடாது, சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

அந்தத் தாய் இப்போது தடியோடு நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளையும் பாடசாலைக்கு வருகிறது.

கிளினிக் கொப்பியில் மருந்தின் பெயரை இங்கிலீஷில் எழுதியிருப்பதால் என்ன குளிசை என்று தெரியாமல் பலர் இருக்கிறீர்கள். வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு ஒரு மணித்தியாலம் ஆசிரியர் அறையில் இருப்போம். கொப்பியைக் கொண்டு வாருங்கள். பெயரையும், எந்த வருஷம் தொடங்கியது என்பதையும் ஒரு துண்டில் தமிழில் எழுதித் தருகிறோம். டொக்டரிடம் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியைச் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறோம், காட்டினால் போதும்.