கூச்சம்

ஜெர்மனியில் கடைக் கதவுகளில் இரண்டே சொற்கள்தான் எழுதியிருக்கும். ஒன்று தள்ளு, மற்றது இழு. இழு என்பதற்கு அவர்கள் சொல் ட்ஸீயென். பெர்லினுக்கு வந்த முதல் வாரத்தில், இழுக்க வேண்டிய கதவைத் தள்ளி நெற்றியில் இடித்துக்கொண்டு கற்ற சொல் அது. மொழி வகுப்பில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. இடித்துக் கற்றது மறக்கவில்லை. வினை அங்கிருந்துதான் வந்தது.

2016 நவம்பரில் கீழ் இடது கடைவாய்ப் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஒரு சுளீர். வீட்டுக்குப் பக்கத்தில், பார்மஸிக்கு மேல்மாடியில், ஒரு பல் டாக்டர் இருந்தார். பக்கத்தில் இருந்தார் என்பதே அவரைத் தேர்ந்தெடுத்த காரணம். விளக்கை இழுத்து முகத்துக்கு நேரே வைத்து, கையில் ஏதோ உலோகத்தோடு குனிந்து, "ட்ஸீட் எஸ்?" என்றார். எனக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். பல்லைப் பிடுங்குவதற்கும் அங்கே அதே வினைச்சொல். பிடுங்கட்டுமா என்று கேட்கிறார் என்று நினைத்துப் பதறிப்போய், "இல்லை, இல்லை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உதவியாளரிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். ஓர் ஓட்டையை அடைத்து அனுப்பிவைத்தார்.

அவர் கேட்டது, இழுக்கிற மாதிரி வலிக்கிறதா என்று. இது எனக்குத் தெரிய ஐந்து மாதம் ஆயிற்று.

வலிக்கு நம்மிடம் சொற்கள் இல்லாமலில்லை. குத்துகிறது, குடைகிறது, தெறிக்கிறது, விண்விண்ணென்கிறது, கடுக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வலி. ஊர்க் கிழவி ஒருத்தியிடம் இதில் ஒன்றைச் சொன்னால் போதும், எந்த இடத்தில் எவ்வளவு நாளாக என்று அவளே மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். ஜெர்மன்காரர்களிடமும் அப்படி ஒரு வரிசை உண்டு. இழுப்பது ஒன்று, குத்துவது ஒன்று, துடிப்பது ஒன்று, மந்தமாக இருப்பது ஒன்று. இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அகராதி இந்த இடத்தில் உதவாது. என் பல் சுளீரென்றது குத்துவதா இழுப்பதா என்று இன்றும் என்னால் தீர்மானமாகச் சொல்ல முடியாது. நமக்கு அது பல் கூச்சம். வெட்கத்துக்கும் அதுதான் சொல். அன்று அந்த நாற்காலியில் எனக்கு இரண்டுமே இருந்தன. புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்க ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏழு வருஷமாக அந்த ஊரில் இருப்பவன் கேட்கக்கூடிய கேள்வியா அது என்ற நினைப்பு தடுத்தது.

டிசம்பரில் ராத்திரிகளில் தூக்கம் போயிற்று. ஜனவரியில் ஒருநாள் வலி சட்டென்று நின்றது. டாக்டர் கெட்டிக்காரர் என்றே நினைத்தேன். உண்மையில் பல் செத்துப்போயிருந்தது. உள்ளே நரம்பு அழுகிச் செத்தால் வலி நிற்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மார்ச்சில் தாடை வீங்கிற்று.

இந்த முறை விசாரித்துக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். நல்ல பல் டாக்டர் யார் என்று கேட்டால் கிடைக்கிற பதில்கள் வேடிக்கையானவை. ஒருவருக்கு இங்கிலீஷ் பேசுகிறவர் நல்லவர். ஒருவருக்கு ஊசி வலிக்காமல் போடுகிறவர். இன்னொருவருக்குக் காத்திருக்கும் அறையில் நல்ல காப்பி. பல்லைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கவிதைத் தொகுப்புகளை நாம் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்வதும் பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான். சோனன்அல்லேயில் மளிகைக்கடைப் பக்கம் அடிக்கடி சந்திக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், எண்பதுகளில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர், என் வீங்கின தாடையைப் பார்த்துவிட்டு, "உதைப் புடுங்கிப்போட்டுப் பேசாம இருங்கோ தம்பி. ஒரு பல்லுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறியள்?" என்றார். அவர் இழந்து வந்தவற்றோடு பார்த்தால் ஒரு பல் ஒன்றுமில்லைதான். அவருக்குப் பதில் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் அம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும்போது, வலித்த ஒரு பல்லைக் காட்ட டவுனுக்குப் போனாள். மேல்வரிசை ஆடுகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடுவது நல்லது என்றார்களாம். அப்பா சரி என்றார். அம்மாவை யாரும் கேட்கவில்லை. இரண்டு தடவையில் எடுத்து முடித்தார்கள். கட்டின செட் ஈறை அறுத்தது. அது பெரும்பாலும் டம்ளர் தண்ணீரிலேயே கிடந்தது. அதன் பிறகு முந்தானையை வாயில் வைக்காமல் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. தகரமும் நகரமும் அவள் பேச்சில் கரைந்துபோயின. நாக்கு நுனி பரந்து பல்லின் அடியைத் தொடும்போது த, ந பிறக்கின்றன என்று தொல்காப்பியம் சொல்கிறது. தொடப் பல் இல்லாதவள் என் பெயரைக் கூப்பிட்டால் அது வேறு யாருடைய பெயரோ மாதிரி இருக்கும். எனக்குப் போகவிருந்தது கீழ்க் கடைவாய்ப் பல், அதற்கும் தகரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன.

இரண்டாவது டாக்டர் சுத்தமானவர், வேகமானவர். எக்ஸ்ரே எடுத்தார். எடுத்துவிட்டு ஒரு திருகுப் பல் வைக்கலாம் என்றார், கணக்கும் அச்சடித்துக் கொடுத்தார். என் மூன்று மாத வாடகை. வேர் சிகிச்சைக்கு இன்ஷூரன்ஸ் கொடுக்காது என்றும் சொன்னார். இப்போது புரிந்தது, எல்லாம் நன்றாகவே புரிந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில்தான் க்யுன்டர் கிராஸின் உள்ளூர் மயக்கம் பற்றின நாவலை மறுபடி எடுத்துப் படித்தேன். 1969இல் வந்தது. ஒரு பெர்லின் பள்ளி ஆசிரியர் பல் டாக்டரின் நாற்காலியில் கிடக்கிறார், எதிரே டெலிவிஷன் ஓடுகிறது, அவருடைய மாணவன் ஒருவன் வியட்நாமில் விழும் நாபாம் குண்டுகளைக் கண்டித்துத் தன் நாயை நடுத்தெருவில் எரிக்கத் திட்டமிடுகிறான். முன்பு படித்தபோது பல் டாக்டர் ஒரு சௌகரியமான உருவகம் என்று நினைத்திருந்தேன். வீங்கின தாடையோடு படிக்கும்போது உருவகம் கழன்றுபோய் நாற்காலி மட்டும் மிஞ்சிற்று. தாமஸ் மன்னின் புட்டன்ப்ரூக்ஸில் (1901) செனட்டர் பல் பிடுங்கப் போய், பல்லின் மேல்பாகம் மட்டும் உடைந்து, தெருவில் விழுந்து, செத்துப்போகிறார். அந்தப் பக்கங்களை அப்போது திறக்கவில்லை. விமர்சகனுக்கு இவ்வளவு கோழைத்தனம் அனுமதிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது டாக்டரை யாரும் சிபாரிசு செய்யவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. அறுபதைத் தாண்டிய பெண்மணி; கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில் அங்கே படித்தவர். அவர் முதலில் என் வாயிலுள்ள பற்களையெல்லாம் எண்ணினார். அங்கே பல்லுக்குப் பெயர் இரண்டு இலக்கம். வாயை நாலு பாகமாகப் பிரித்து, எந்தப் பாகம், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்று சொல்வார்கள். என் பல் முப்பத்தாறு அல்ல, மூன்று-ஆறு. ஜெர்மன் மொழியில் முப்பத்தாறை ஆறும் முப்பதும் என்று திருப்பிச் சொல்வது வழக்கம்; இங்கே அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, என் வாயிலிருப்பது எனக்கே முதல்முறையாகத் தெரிய வந்தது.

பிறகு பஞ்சு உருண்டையில் குளிர்மருந்தைப் பீய்ச்சி, கெட்ட பல்லில் வைக்காமல் பக்கத்து நல்ல பல்லில் வைத்தார். துள்ளினேன். "உயிருள்ள பல் இப்படி இருக்கும். நினைவு வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்புறம் மூன்று-ஆறில் வைத்தார். ஒன்றுமில்லை. கதவு, ட்ஸீயென், நவம்பர் மாதம் எல்லாவற்றையும் என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கேட்டவரும் இன்னொரு முறை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இன்ஷூரன்ஸ் விதியை அவர்தான் விளக்கினார். கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை என்றால் சில நிபந்தனைகள். அதில் ஒன்று, அந்தப் பல்லைக் காப்பாற்றுவதால் பல்வரிசை இடைவெளியில்லாமல் நிற்க வேண்டும். எனக்கு மற்றப் பற்கள் இருந்ததால் பணம் கிடைக்கும். அக்கம்பக்கத்தார் உயிரோடு இருப்பதால் செத்தவனுக்குச் சலுகை. வரிசையில் ஏற்கெனவே ஓட்டை உள்ளவனுக்கு, அதாவது அம்மாவைப் போன்றவர்களுக்கு, இந்த விதி அநேகமாக இன்னொரு ஓட்டையைத்தான் கொடுக்கும்.

மூன்று தடவை போனேன். வாயில் ரப்பர் துணியை விரித்து அந்தப் பல்லை மட்டும் வெளியே தெரியவைப்பார். இடது கையைத் தூக்கினால் நிறுத்துகிறேன் என்றார். முதல் நாள் வலியே இல்லாதபோது, சோதிப்பதற்காக, ஒரு தடவை தூக்கினேன். நிறுத்தினார். ஏன் என்று கேட்கவில்லை. காத்திருந்துவிட்டு ஆரம்பித்தார். முடிந்து தற்காலிகமாக எதையோ வைத்து அடைத்தபோது வாயெல்லாம் கிராம்பு வாசனை. கிராம்பெண்ணெயின் சத்துதான் அந்தக் கலவையில் சேர்கிறதாம். ஊரில் பல்வலி என்றால் அம்மா அடுக்களையிலிருந்து எடுத்துவரும் அதே கிராம்பு.

எவ்வளவு நாள் இருக்கும் என்று கேட்டேன். "ஒரு வருஷம் இருக்கலாம். இருபது வருஷமும் இருக்கலாம். நான் பொய் சொல்லமாட்டேன்" என்றார்.

2022இல் அவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்தை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டது. இப்போது லிப்ட் உண்டு, ஒவ்வொரு முறையும் வேறொரு டாக்டர். போனஸ் புத்தகம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். வருஷம் தவறாமல் போய்க் காட்டி முத்திரை வாங்கினால், பின்னால் செயற்கைப் பல் கட்டும்போது உதவித்தொகை கூடும். 2020 அக்டோபரிலிருந்து சாதாரணமாக 60 சதவீதம், பத்து வருஷம் விடாமல் போனவனுக்கு 75. முத்திரைக்காகப் போன வருஷமும் போனேன். இளைஞர் ஒருவர். பஞ்சு உருண்டையை எடுத்து மூன்று-ஆறில் வைத்து, "ட்ஸீட் எஸ்?" என்றார். இல்லை என்றேன். எழுதிக்கொள்ளத் திரும்பியவரைக் கையைத் தூக்கி நிறுத்தி, அது செத்துப் பல வருஷமாகிறது, பக்கத்துப் பல்லைப் பாருங்கள் என்றேன்.