லுக்குட் சமையற்காரர்

சிரம்பானிலிருந்து ராசா வழியாகப் போர்ட்டிக்சன் நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் நெடுங்காலம் ரப்பர்த் தோட்டங்களாகவே இருந்தன. பிரட்டுக்கு எழுந்து, இருள் விலகுமுன் பால்வெட்டச் சென்ற தமிழருள் எத்தனை பேர், அந்த மண்ணிலே ஈயத்துக்காக ஒரு போர் நடந்ததை அறிந்திருப்பர்? அந்தப் போரில் உருவானவர் யாப் ஆ லோய். கோலாலம்பூரை உருவாக்கியவர் என்று பாடநூல்கள் அவரைப் போற்றும். அவரை உருவாக்கிய இம்மண்ணைப் பற்றி அவை அவ்வளவாகப் பேசுவதில்லை.

சீனத்தின் குவாங்டோங் மாநிலத்தில் 1837இல் பிறந்த ஹக்கா இனத்தவர் அவர். 17 வயதில், 1854இல், மலாக்காவுக்குக் கப்பலேறி வந்தார். சுரங்க வேலையும் நிலைக்கவில்லை. கடை வேலையும் நிலைக்கவில்லை. ஊர் திரும்புவதற்கென்று உறவினர் கொடுத்த பணத்தையும் சிங்கப்பூரில் சூதாடித் தொலைத்தார் என்பர். பின்னர் லுக்குட் வந்து, சுரங்கக் கூலிகளுக்குச் சோறு சமைத்தார். அந்நாளில் லுக்குட் சிலாங்கூருக்கு உட்பட்டிருந்த செழிப்பான ஈயத்துறை. சிறுகச் சேர்த்த காசில் பன்றிகளை வாங்கி, சிரம்பானைச் சூழ்ந்த சுங்கை ஊஜோங் சுரங்கங்களுக்குக் கொண்டுசென்று விற்று, ஈயத்தோடு திரும்பினார்.

அந்தப் போக்குவரத்தில்தான் லியூ ஙிம் கோங் என்பவரின் நட்புக் கிடைத்தது. சுங்கை ஊஜோங் சீனர் தலைவரான கப்பித்தான் ஷின்னுக்கு அவர் பங்ளிமா, அதாவது படைத்தலைவர். சமையற்காரர் அவருக்கு அடுத்த நிலையில் ஆயுதம் ஏந்தினார். 1860இல் ஈய வரி குறித்து மலாய்த் தலைவர்களிடையே மூண்ட பூசலில் சீனரும் இரு பக்கமும் நின்று மோதினர். கப்பித்தான் ஷின் பிடிபட்டுத் தலை வெட்டுண்டார். அவர் கழுத்திலிருந்து வெண்ணிறக் குருதி பெருகியதென்பது அம்மக்களின் நம்பிக்கை.

மதுரை வீரனுக்குத் தோட்டத்தின் எல்லையில் பீடம் அமைத்துக் கும்பிடும் நம்மவர்க்கு இந்நம்பிக்கை விளங்காத ஒன்றன்று. வெட்டுண்டு மாண்டவன் காவல் தெய்வமாகிறான். ராசாவில் ஷின்னுக்குக் கோயில் எழுந்தது. 1861இல் சுங்கை ஊஜோங்கின் கப்பித்தானாகிய யாப் ஆ லோய், மறு ஆண்டு லியூவின் அழைப்பை ஏற்றுக் கோலாலம்பூர் சென்றபோது, மாண்ட தலைவரின் வழிபாடும் உடன் சென்றது. 1864இல் அங்கும் கோயில் கண்டார்.

1868இல் லியூ மறைய, கோலாலம்பூரின் கப்பித்தான் பதவி அவருக்கு வந்தது. தொடர்ந்து சிலாங்கூரின் உள்நாட்டுப் போர். 1872இல் ஊரை இழந்து கிள்ளானுக்கு ஓடினார்; 1873இல் பகாங் படையின் துணையோடு மீட்டார். மீட்டது சாம்பலை. ஈய விலை வீழ்ந்தபோதும் ஊரைக் கைவிடாமல், கடன்பட்டு மீண்டும் கட்டினாரே, அந்த நெஞ்சுரத்தைப் பாராட்டாதிருக்க இயலாது. தமிழர் பெருகி வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ், அவர் காலத்துச் செங்கற் சூளைகளால் பெயர் பெற்றதென்றும் கூறுவர்.

ஆயினும் பாராட்டை அங்கேயே நிறுத்திவிடுதல் நேர்மையாகாது. அபினிக் கடைகளும் சூதாட்ட விடுதிகளும் அவருக்கு உரிமையாயிருந்தன. சுரங்கத்தில் கூலி கொடுத்த கையே, மாலையில் அபினிக்கு விலையாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. கள்ளுக்கடைக் கணக்கையும் கங்காணியின் பற்றுவரவையும் கண்ட தோட்டத்து மக்களுக்கு இந்த வித்தை புதிதாகத் தோன்றாது. தாமே கூலியாயிருந்து சூதில் தோற்றவர் அவர். அந்த வலியை அறிந்தும் அவ்வாறே செய்தார் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. போரில் அவருக்காக மாண்ட கூலிகளுக்கோ பெயரும் இல்லை, பீடமும் இல்லை.

1885 ஏப்ரலில் தமது 48ஆம் வயதில் அவர் இறந்தார். சுங்கை ஊஜோங்கில் ஈயம் தோண்டிய நிலத்துக்கு அப்பால் காடழித்துக் காப்பியும், பின்னர் ரப்பரும் நட்டார்கள். அதற்குத் தமிழரைக் கொண்டுவந்தார்கள். கோலாலம்பூர்க் கோயிலில் கப்பித்தான் ஷின்னை வணங்குவோர், உள்ளே மற்றோர் உருவத்தின் முன்னும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அது லுக்குட் சமையற்காரருடையது.