மூன்று இராத்திரி ஜாகை

மூன்று இராத்திரி தங்குவதற்கு ஒரு வீடு தேடி மூன்று வாரம் செலவழித்தேன் என்றால் நேயர்கள் சிரிக்கக் கூடும். என் சகதர்மிணி சிரித்தே விட்டாள். "இந்த வீட்டை விலைக்கு வாங்கியபோதுகூட நீங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லையே!" என்றாள்.

ஆனால் எங்களுடன் வர இருந்தவர் 72 வயதான என் தாயார். முழங்காலில் வாதம். ஜெர்மனியில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பியின் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு, திரும்புகிற வழியில் வியன்னா நகரில் மூன்று நாள் தங்குவதாக ஏற்பாடு. இன்னொரு தடவை அவர் அவ்வளவு தூரம் வருவார் என்று நினைக்க இடமில்லை. அந்த மூன்று நாட்களில் ஒன்றையேனும் மாடிப்படிக்குப் பலி கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஹோட்டலும் சரிப்படாது, இராத்திரி ரசம் சாதம் சாப்பிடாவிட்டால் தாயாருக்குத் தூக்கம் வராது. ஆகவே, சமையற்கட்டு உள்ள ஜாகைதான் வேண்டும்.

இணையத்தில் இத்தகைய வீடுகளைத் தேடுகிறவர்கள் முதலில் படங்களைத்தான் பார்க்கிறார்கள். படத்தில் சரவிளக்கு இருக்கும். ஜன்னலோரத்தில் பூந்தொட்டி இருக்கும். மாடிப்படி மட்டும் இராது! நானோ பூகோள வாத்தியார். படங்களைத் தள்ளிவிட்டு விலாசங்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

வியன்னாவில் விலாசமே ஒரு சிறிய தேசப்படம். நகரம் 23 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. தபால் எண்ணின் நடுவிலுள்ள இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தைச் சொல்லிவிடும். 1010 என்றால் முதல் வட்டாரம். 1060 என்றால் ஆறாவது. 1220 என்றால் டான்யூப் நதிக்கு அக்கரையிலுள்ள இருபத்திரண்டாவது. முதல் வட்டாரந்தான் பழைய கோட்டை நகரம். கோட்டைச் சுவர்களை இடிக்கும்படி 1857-ல் பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி உத்தரவிட்டார். அவை இருந்த இடத்தில் அமைந்த ரிங் வீதி 1865-ல் திறக்கப்பட்டது. அதற்கு வெளியே இன்னொரு வளையமாகக் குர்டெல் என்னும் பெருஞ்சாலை செல்கிறது. இந்த இரு வளையங்களுக்கும் இடைப்பட்ட பகுதியே சில நாள் மட்டும் தங்குகிறவர்களுக்கு உகந்தது என்பது என் அபிப்பிராயம்.

என் சகதர்மிணியின் அபிப்பிராயம் வேறு. ஸ்டீபன் மாதா கோயிலுக்கு இரண்டு நிமிஷ நடையில் ஒரு ஜாகையை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கோயிலின் கோபுரம் ஜன்னலில் தெரியுமாம். வாடகை மற்றதைப் போல் ஒன்றரை மடங்கு. அது நாலாவது மாடியில் இருக்கிறது என்பது விளம்பரத்தின் கடைசி வரியில் இருந்தது. தம்பி சிபாரிசு செய்தது 1220-ல் ஒரு புதுக் கட்டடம். லிஃப்ட் உண்டு, வாடகை பாதி, ஆனால் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏற வேண்டும்.

இரண்டையும் ஒரே கேள்வியால் ஒதுக்கினேன்: மத்தியானம் வீட்டுக்கு வந்து, இரண்டு மணி நேரம் படுத்து எழுந்து, நாலு மணிக்கு மறுபடி கிளம்ப முடியுமா? முடிந்தால் ஒரு நாள் இரண்டு நாளாகிவிடும். முடியாவிட்டால், காலையில் கிளம்பிய முதியவர் பிற்பகலெல்லாம் பூங்காப் பெஞ்சுகளில் உட்கார்ந்து, "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்ல வேண்டியதுதான். கோபுரம் தெரியும் வீட்டுக்கு ஒரு நாளில் இரண்டு தடவை ஏற அவரால் ஆகாது. அக்கரை வீட்டுக்கு வந்து போவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

நகரத்தின் நட்டநடுவில் இருப்பதைவிட நல்ல ரயில் பாதையின் மேல் இருப்பது மேல் என்று இப்படித்தான் எனக்குத் தோன்றியது. நான் பிடித்துக்கொண்டது யூ-4 என்னும் நகர ரயில் பாதை. அதில் கெட்டன்பிரூக்கன்காஸே என்று ஒரு ஸ்டேஷன். (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் வந்துவிடும்.) அங்கிருந்து மேற்கே ஐந்தாவது நிறுத்தம் ஷேன்பிரூன் அரண்மனை. கிழக்கே மூன்றாவது நிறுத்தம் லாண்ட்ஸ்ட்ராஸே. விமான நிலையத்து ரயில் அங்கே வருகிறது. ஸ்டேஷன் வாசலிலேயே நாஷ்மார்க்ட் என்னும் பெரிய காய்கறிச் சந்தை. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் விடுமுறை, பெரும்பாலான கடைகளுக்கும் விடுமுறை. வெள்ளிக்கிழமை போய்ச் சேருகிறவர்கள் சனிக்கிழமையே காய்கறி வாங்கி வைத்துவிட வேண்டும்.

அந்த ஸ்டேஷனைச் சுற்றி ஆறு வீடுகளைக் குறித்துக்கொண்டேன். இனி மாடி விவகாரம். வியன்னாவின் பழைய வீடுகளில் தரைத்தளத்துக்கு மேல் 'உயர்ந்த தரைத்தளம்' என்று ஒன்றும், அதற்கும் மேல் 'மெட்ஸனீன்' என்று ஒன்றும் இருப்பதுண்டு. அவற்றையெல்லாம் தாண்டிய பிறகுதான் 'முதல் மாடி' என்று எண்ண ஆரம்பிப்பார்கள். அதாவது, இரண்டாம் மாடி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் நாலாம் மாடியாகவும் இருக்கலாம்! கூரைகளும் மிக உயரமானவை; ஆகவே ஒவ்வொரு மாடிக்கும் படிகள் அதிகம். லிஃப்ட் இருக்கிறது என்றாலும், சில வீடுகளில் பத்துப் பன்னிரண்டு படி ஏறின பிறகே அதை அடைய முடியும்.

வீட்டுக்காரர்கள் ஆறு பேருக்கும் கடிதம் எழுதினேன். தெருவிலிருந்து லிஃப்ட் வரை எத்தனை படி? படுக்கையறை தெருப் பக்கமா, முற்றத்துப் பக்கமா? மற்ற நாட்களில் அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள்? மூன்று பேர் பதிலே போடவில்லை. ஒருவர், "அழகான படிகள்" என்று பதில் எழுதினார். ஒருவர் "பதினாலு" என்றார். கடைசி ஒருவர்தான், "மூன்று படி, கைப்பிடி உண்டு, முற்றத்துப் பக்கம், கோடையில் நான் ஊரில் இருப்பதில்லை, அப்போது மட்டுந்தான் வாடகைக்கு விடுகிறேன்" என்று எழுதினார். அன்றே பணம் கட்டிவிட்டேன்.

மூன்றாவது கேள்வி எதற்கு என்று தம்பி கேட்டான். காரணம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் அந்நகரில் ஒரு வீட்டை வருஷத்துக்கு 90 நாளுக்கு மேல் விருந்தாளிகளுக்கு விடுவதற்குத் தனி அனுமதி வேண்டும். குடியிருக்க வேண்டிய வீடுகளெல்லாம் சத்திரங்களாகிக் கொண்டு வந்ததால் ஏற்பட்ட சட்டம் அது. எங்கள் மூன்று நாள் உல்லாசத்துக்காக ஒரு குடும்பத்துக்கு வீடு இல்லாமற் போவது நியாயமா? மலிவான ஜாகையில் இந்தச் செலவும் அடங்கியிருக்கலாம்; அது ரசீதில் வராது.

போய்ச் சேர்ந்த பிறகு சொல்வதற்கு அதிகமில்லை. காலையில் ஷேன்பிரூன் தோட்டம், மத்தியானம் தூக்கம், மாலையில் கார்ல் மாதா கோயில் வாசலிலுள்ள குளக்கரை. ஒரு நாள் சாயங்காலம், எங்கள் ஸ்டேஷன் பெயரையே கொண்ட தெருவில் ஆறாம் எண் வீட்டின் முன்னால் நின்றோம். சங்கீத மேதை ஷூபர்ட் 1828-ல் அங்கேதான், தம் அண்ணன் வீட்டில், காலமானார். "என்ன வயசு?" என்று கேட்டார் தாயார். "31" என்றேன். வெகு நேரம் அந்த ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் எதிர்க் கதவில் ஒரு கிழவி இருந்தாள். அந்தத் தளத்தில் நாற்பது வருஷமாக இருக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள். மற்ற கதவுகளில் வாரத்துக்கு வாரம் புது முகம். நடு நிசியில் பெட்டிச் சக்கரங்களின் சப்தம். எங்களைப் பார்த்தபோதும் முகம் மலரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இராத்திரி ரசம் கொதிக்கும்போது அவளே வந்து கதவைத் தட்டினாள். புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நான் எழுந்தேன். அதற்குள் தாயார் ஒரு கண்ணாடித் தம்ளரில் ரசத்தை ஊற்றி நீட்டிவிட்டார். ஒரு வாய் குடித்தாள், மிளகு காரம் ஏறி இருமினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது என்ன?" என்றாள். தாயாருக்கு ஜெர்மனும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. "ரசம்" என்றார். கிழவி அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, தம்ளரோடு தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.