சூதாடி வைத்த பணயம்

திருவள்ளுவர் பொருட்பாலில் நட்பிற்கென 79ஆம் அதிகாரத்தை வகுத்தார். சூதிற்கென 94ஆம் அதிகாரத்தை வகுத்தார். முன்னது போற்றுதற்குரியது; பின்னது அஞ்சி விலகுதற்குரியது. ஒரே மனிதன் இவ்விரண்டு அதிகாரங்களிலும் ஒருங்கே வாழக்கூடும் என்னும் உண்மையை எங்களுக்கு முதன்முதலில் உணர்த்தியது அறநூல் எதுவும் அன்று; மேலட்டை கிழிந்துபோன ஒரு படக்கதைப் புத்தகமே.

நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர் அதியன்னூர். நெய்யாற்றின்கரையை அடுத்துள்ள சிற்றூர். அங்கிருந்து தெற்கே பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை. அதுவே தமிழ்நாட்டின் வாயில். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகவே உடன்பிறந்தார் இருவராகிய எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வாழ்க்கை அமைந்தது. தாய்மொழியைப் பேச அறிந்திருந்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்க அறியோம்.

அந்தக் குறையைப் போக்கியவர் ஊரார் ஒருவரும் மதியாத ஒரு மனிதர். தந்தையாரின் பள்ளித் தோழர். நாங்கள் மாமா என்று அழைப்போம். சீட்டாட்டமே அவருக்குத் தொழிலும் துணையும். முன்னோர் வைத்துச் சென்ற விளைகளை ஒவ்வொன்றாக ஆடித் தோற்று, எஞ்சிய பத்து சென்ட் நிலத்தில் ஓர் ஓலைக் குடிசையில் வாழ்ந்தார். தந்தையார் அவரைப் படிப்புரைக்கு அப்பால் வர விட்டதில்லை. எனினும் களியக்காவிளைக்குச் சென்று திரும்பும் நாள்களில், மடியில் செருகிய படக்கதைப் புத்தகம் ஒன்றை எங்கள் கையில் திணித்துவிட்டுச் செல்வார். 1972 முதல் வந்துகொண்டிருந்த முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் எல்லாம் அவர் வழியாகவே எங்களை வந்தடைந்தன. "மக்களே, எழுத்துக் கூட்டிப் படிக்கணும். படத்த மட்டும் பாத்தா அது கள்ளாட்டம்" என்பார்.

அவர் கொணர்ந்தவற்றுள் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒன்றிற்கு மேலட்டை இல்லை; கடைசித் தாள்களும் இல்லை. அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கும் குதிரைவீரர் கதை அது. பிறர் செய்த கொலைக்காக ஒருவனுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது. விடிந்தால் தூக்கு. சிறைக்கு வெளியே மரம் அறுக்கும் ஓசை கேட்கிறது. ஊரின் நல்லவர்கள் கதவுகளைச் சாத்திக்கொள்கிறார்கள். அவனுக்கு இருந்த ஒரே நண்பன் ஒரு சூதாடி. அவன் காவலர்களோடு சீட்டாட அமர்கிறான். இரவு முழுதும் ஆடித் தோற்கிறான். குதிரையையும் கடிகாரத்தையும் மேலங்கியையும் தோற்கிறான். வெற்றியின் மயக்கத்தில் காவலர்கள் தம் காவலை மறந்த நொடியில் சாவி கைமாறுகிறது, நண்பன் தப்புகிறான். வாழ்நாளெல்லாம் வெல்வதற்காக ஆடியவன், அன்று ஓர் இரவு தோற்பதற்காக ஆடினான். காவலர்கள் விழித்துக்கொண்டு அவனைச் சூழும் படத்தோடு தாள்கள் முடிந்துவிட்டன.

இவ்வகை மாந்தர் வெறும் கற்பனை அல்லர் என்பதைப் பின்னாளில் அறிந்தோம். டாக் ஹாலிடே என்பவர் பல் மருத்துவம் பயின்றவர். காசநோய் பற்றியபின் சீட்டாட்ட மேசையே பிழைப்பாயிற்று. அவரே 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் நகரில், தம் நண்பர் வயாட் எர்ப்பின் அருகில் துப்பாக்கிகளுக்கு எதிரே நின்றார்; 1887இல், தம் 36ஆம் வயதில், நோயால் மறைந்தார். தமிழர் கேப்டன் டைகர் என அறிந்த வீரனும், 1963இல் பிரெஞ்சு இதழொன்றில் தோன்றியபோதே சீட்டாட்டக்காரன்தான். அவனை விட்டு நீங்காத ஜிம்மியோ குடிப்பழக்கத்தில் மூழ்கிய கிழவர். நல்லொழுக்கச் சான்றிதழ் எவரிடமும் பெற இயலாத இவர்களைத்தான் கதை நம்பியது. எங்கள் ஊர் நம்பவில்லை, நாங்களும் நம்பவில்லை.

1986ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் இடி விழுந்தது. தந்தையார் கணக்கெழுதிவந்த இடத்தில் பணம் குறைந்தது. பழி அவர்மேல் விழுந்தது. அவரைக் கைது செய்தனர். நேற்றுவரை எங்கள் வீட்டில் உண்ட உறவினர் இன்று வழி மாறி நடந்தனர். பிணையில் வெளிவர இருவர் ஜாமீன் நிற்க வேண்டும். இருவரும் நிலத்திற்குக் கரம் தீர்த்த ரசீதைக் காட்ட வேண்டும். பாட்டியார் ஒருவர் ஆனார். மற்றொருவருக்காக அன்னையார் ஏறி இறங்காத படி இல்லை. நிலமுடையார் பலர் இருந்தனர். அன்று எவருக்கும் ரசீது கிடைக்கவில்லை.

மறுநாள் நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்தில், அம்மச்சிப் பலா என்று போற்றப்படும் மரத்தருகே அன்னையார் எங்களை அணைத்தபடி அமர்ந்திருந்தார். எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்திவந்தபோது இளவரசராயிருந்த மார்த்தாண்ட வர்மர் ஒளிந்து உயிர் தப்பியது அம்மரத்தின் பொந்தில் என்பது வழிவழிவந்த செய்தி. அரசருக்கு ஒரு மரமாவது கிடைத்தது; எங்களுக்கு ஒருவரும் இல்லையே என்று அன்னையார் கலங்கியிருந்த வேளையில், துவைத்த வேட்டியும் மழித்த முகமுமாக மாமா வந்தார். அவர் கையில் பத்து சென்ட் நிலத்தின் கரம் தீர்த்த ரசீது இருந்தது. நேராக நீதிமன்றம் சென்று கையொப்பமிட்டார். மாலையில் தந்தையார் வீடு திரும்பினார். அன்றுதான் மாமா முதன்முறையாகப் படிப்புரை தாண்டி உள்ளே வந்து, எங்களோடு அமர்ந்து உண்டார்.

வழக்கு இரண்டாண்டுகள் நடந்தது. அவ்விரண்டாண்டுகளும் மாமா சீட்டைத் தொடவில்லை. கூட்டாளிகள் அழைத்தபோதெல்லாம், "நிலம் இப்ப என்னுது இல்ல, அவனுக்க மானத்துக்குக் காவல் நிக்குது" என்று கூறினாராம். தருமன் ஆடிய சூதை நாம் அறிவோம். தம்பியரையும் மனைவியையும் பணயமாக வைத்தான். அறத்தின் மகன் எனப்பட்டவன் பிறருடைய வாழ்வை வைத்து ஆடினான். சூதாடி எனப்பட்ட எங்கள் மாமாவோ, பிறர் வாழ்வுக்காகத் தம்மிடம் எஞ்சியிருந்ததை வைத்தார். சூதின் இழிவு பணயம் வைப்பதில் இல்லை. எதை, யாருக்காக வைக்கிறோம் என்பதிலேயே இருக்கிறது.

1988இல் தந்தையார் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. இக்கதை இங்கே முடிந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் தீர்ப்பு வந்த சில மாதங்களில் மாமா மீண்டும் ஆடச் சென்றார். அந்தப் பத்து சென்ட் நிலமும் போயிற்று. தங்கை வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினார்.

காலம் எங்களை மஸ்கட்டிற்குக் கொண்டு சென்றது. தந்தையார் மறைந்த பிறகு, 1996இல், மாமாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கண் மங்குகிறது, மருத்துவத்திற்கு இரண்டாயிரம் ரூபாய் வேண்டும் என்று யாரையோ கொண்டு எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் கலந்து பேசினோம். பணம் சீட்டு மேசைக்குத்தான் போகும் என்று முடிவு செய்தோம். திருக்குறளின் சூது அதிகாரத்தைச் சுட்டிக்காட்டி, நீண்டதோர் அறிவுரைக் கடிதம் எழுதினோம். அவர் பிடித்துப் பிடித்துப் படிக்கவைத்த அதே தமிழில்தான் எழுதினோம். மறுமொழி வரவில்லை.

இரண்டாண்டுகள் கழித்து விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது அவரைக் கண்டோம். காலடி ஓசை கேட்டு, "மக்களே, வந்துட்டீங்களா?" என்றார். கண்கள் எங்களைப் பார்க்கவில்லை. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கண்ணில் நீர் அழுத்த நோய், காலம் கடந்துவிட்டது என்றார். கடிதத்தைப் பற்றி மாமா ஒரு சொல்லும் கூறவில்லை. திரும்பும் வழியில், "அந்த அட்ட இல்லாத புக்குல, சீட்டுக்காரன் கடசீல என்ன ஆனான்? உங்களுக்கு எங்கயாச்சும் முழுக் கத கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார்.

எங்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. இருந்தும், "அவன் நண்பன் திரும்பி வந்து அவனை மீட்டுச் சென்றுவிட்டான், மாமா" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்படித்தான் இருக்கும்" என்றார். அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். நாங்கள் அப்போதும் மஸ்கட்டில் இருந்தோம்.

கடல் கடந்து வாழும் நம் வீடுகளுக்கு ஊரிலிருந்து வரும் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் பல. கேட்பவர் தகுதியை எடைபோடும் தராசு நம் எல்லோரிடமும் இருக்கிறது. அன்று கரம் தீர்த்த ரசீதோடு வந்த மனிதர் எங்கள் தகுதியை எடைபோடவில்லை. 79ஆம் அதிகாரத்தை அவர் வாழ்ந்து காட்டினார். நாங்கள் 94ஆம் அதிகாரத்தை அவருக்கு எழுதி அனுப்பினோம். நூல் பிழையன்று, எடுத்த பக்கமே பிழை.