பால் வண்டியும் ரோஜா வண்டியும்

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா மாகாணத்து லங்காஸ்டர் ஜில்லாவில் ஸ்ட்ராஸ்பர்க் என்றொரு சிற்றூர் உண்டு. சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லைகள். மோட்டார் வேண்டாமென்று ஒதுக்கிய ஆமிஷ் சமூகத்துக் குடியானவர்கள் குதிரை வண்டிகளில் சாவதானமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். 1832-ம் வருஷம் சாஸனம் பெற்ற ரயில் பாதை ஒன்றும் அங்கே இருக்கிறது. நீராவி என்ஜின் பிரயாணிகளை 'பாரடைஸ்', அதாவது சொர்க்கம், என்ற பக்கத்து ஊர் வரையில் இழுத்துச் சென்று முக்கால் மணியில் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறது. போனவர் திரும்பி வரும் சொர்க்கம் இது ஒன்றுதான் போலும்!

நாம் தேடிச் சென்றவை இவற்றினும் சிறிய ரயில்கள். பொம்மை ரயில் சேகரிப்போர் 1954-ல் ஏற்படுத்திய சங்கம், 1977-ல் இவ்வூரில் ஒரு பொருட்காட்சிசாலையைத் திறந்தது. கொலுப்படியில் அடுக்கியது போல் கண்ணாடிக்குள் வரிசை வரிசையாக வண்டிகள்! ஆனால் கண்ணாடிக்குள் இருப்பதை விலை பேச முடியுமா? அதற்கு ஸஸ்குவஹானா நதியைக் கடந்து யார்க் நகரத்துக்குப் போகவேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அங்கே சேகரிப்போர் கூடும் சந்தை நடக்கிறது. மேஜைகளுக்கு நடுவில் நரைத்த தலைகள் குனிந்து, சக்கரத்தையும் கொக்கியையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சியைக் கண்டால், பரீட்சைத் தாள் திருத்தும் எங்கள் உபாத்தியாயர் கூட்டமே நினைவுக்கு வரும்.

அங்கே அதிகமாக அடிபடும் பெயர் லயனல். ஜோஷுவா லயனல் கோவன் 1900-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த கம்பெனி அது. அவர் முதலில் செய்தது, கடை ஜன்னலில் சாமான்களைச் சுமந்து சுற்றிவரும் ஒரு திறந்த மரப்பெட்டி வண்டி. ஜனங்களோ சாமான்களை விட்டுவிட்டு வண்டியையே விலைக்குக் கேட்டார்கள்.

நாம் இரண்டு வண்டிகளை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒன்று 1947-ல் வந்த பால் வண்டி. பொத்தானை அமுக்கினால் கதவு திறக்கும். வெள்ளுடை தரித்த குட்டி மனிதன் ஒருவன் வெளியே வந்து, பால் கேனை மேடைமேல் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவான். மறுபடி அமுக்கினால் மறுபடி ஒரு கேன். குழந்தைகள் இதில் பித்தாகிப் போனார்கள். வண்டிகள் ஏராளமாக விற்றன.

மற்றொன்று 1957-ல் பெண் குழந்தைகளுக்கென்றே செய்த ரயில். என்ஜின் ரோஜா நிறம். தொடரும் வண்டிகள் ஊதா, மஞ்சள், வெளிர்நீலம். கார்டு வண்டி கூட ஆகாய வர்ணம். பெண்களுக்கு இதுதான் பிடிக்கும் என்று பெரியவர்களே தீர்மானித்துவிட்டார்கள். பெண்களோ, அண்ணனிடம் இருப்பதைப் போன்ற அசல் கறுப்பு என்ஜினையே விரும்பினார்கள். ரோஜா ரயில் கடைகளில் தேங்கிற்று. சில வியாபாரிகள் அதற்குக் கறுப்புச் சாயம் அடித்து விற்றார்கள் என்றும் சொல்வதுண்டு.

இன்று சந்தையில் நிலைமை தலைகீழ். ஒரு குழந்தையும் விரும்பாத ரோஜா ரயில், அட்டைப்பெட்டியோடு முழுமையாக இருந்தால் ஆயிரக்கணக்கான டாலர் பெறும். இதனால் சாதாரண வண்டிக்கு ரோஜாச் சாயம் பூசி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் திருகாணியின் தலையில் கீறல் இருக்கிறதா, எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, உட்புறம் என்ன நிறம் என்று வண்டியைப் புரட்டிப் புரட்டிச் சோதிக்கிறார்கள். வெறும் அட்டைப்பெட்டிக்கே தனி விலை! விளையாடாத பொம்மைக்குத்தான் மதிப்பு என்பது, ஏடு பிரிக்காத புத்தகத்தை உயர்வாகக் கருதுவதைப் போன்றது. நமக்கு இது சம்மதமில்லை.

பால் வண்டியோ சில பத்து டாலருக்குக் கிடைத்தது. நாம் எடுத்த வண்டியின் அடிப்புறத்தில் யாரோ ஒரு சிறுவன் ஆணியால் இரண்டு எழுத்துக்களைக் கீறியிருந்தான். விற்றவர் அதைக் காட்டி வருத்தம் தெரிவித்து, விலையில் பாதியைத் தாமே குறைத்துக்கொண்டார். பிறகு மேஜைமேல் இருந்த தண்டவாளத்தில் வைத்துப் பொத்தானை அமுக்கினார். குட்டி மனிதன் சற்றே தயங்கினான். அப்புறம் வெளியே வந்து கேனைத் தள்ளினான்.